ஐந்நூறு டாலரும் முப்பது நாளும்

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. பட்டர்வொர்த்தில் அம்மாவுடன் வசிக்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கட்ரானிக்ஸ் டிப்ளோமா முடித்து, நான்கு ஆண்டுகளாகப் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஷிஃப்ட் படியும் ஓவர்டைமும் சேர்த்து மாதம் 4,000 ரிங்கிட் வரை கிடைக்கிறது. கடலுக்கடியில் ஆளில்லாமல் இயங்கும் ஆர்ஓவி எந்திரங்களைக் கப்பலிலிருந்து ஓட்டும் பைலட்டுக்கு ஒரு நாளைக்கு 500 அமெரிக்க டாலர் என்று ஒரு பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தைப் பார்த்தேன். எட்டு வாரப் பயிற்சிக்குக் கட்டணம் 32,000 ரிங்கிட். அம்மா தம் நகைகளை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டார். அடுத்த ஆண்டு எனக்குத் திருமணம். இந்த வேலையில் உண்மையாகவே என்ன சம்பளம்? என் டிப்ளோமா போதுமா? இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் பயிற்சியில் சேரலாமா? எனக்கு நீச்சல் தெரியாது. அது தடையாகுமா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தோடு ஒரு துண்டுத் தாளும் இருந்தது. அதில் 500-ஐ 30-ஆல் பெருக்கி, 15,000 டாலர் என்று எழுதி, ரிங்கிட்டுக்கு மாற்றி, 63,000 என்ற எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு கோடுகளைப் பார்த்த பிறகு இந்தப் பதிலைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் நகை அடகுக்கடைப் படியேறும் முன் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். பிறையில் வளர்ந்தேன், இப்போது குடும்பத்தோடு கோலாலம்பூரில் இருக்கிறேன். இந்தத் தொழிலில் 22 ஆண்டுகள் ஆகின்றன. பயிற்சி ஆளாகக் கப்பல் ஏறி, இன்று சூப்பர்வைசராக இருக்கிறேன். இந்த வேலை எனக்கு வீடு கொடுத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆகவே வராதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எப்படி வர வேண்டும் என்பதில்தான் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு.

முதலில் அந்த 500 டாலர். அது பொய்த் தொகை இல்லை. எந்த நிறுவனத்திலும் நிரந்தரமாக இல்லாமல், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் போய்வருகிற, பத்து ஆண்டுக்கு மேல் கடலில் பழகிய ஒருவர் வாங்கும் நாள் கூலி அது. நம் வட்டாரத்தில் என் கைக்கு வந்துபோன ஒப்பந்தங்களை வைத்துச் சொல்கிறேன்: சில ஆண்டு அனுபவமுள்ள பைலட் டெக்னீஷியனுக்கு 250 முதல் 350 டாலர், மூத்த பைலட்டுக்கு 400-ஐ ஒட்டி, சூப்பர்வைசருக்கு 500-ம் அதற்கு மேலும். நேற்றுப் பயிற்சி முடித்தவரை நாள் கூலிக்கு யாரும் அழைத்துப் போய் நான் பார்த்ததில்லை. புதியவர் மாதச் சம்பளத்தில்தான் சேருகிறார். அடிப்படைச் சம்பளம் 2,500 முதல் 3,500 ரிங்கிட் வரை இருக்கும். கடலில் இருக்கும் நாட்களுக்கு மட்டும் தனிப் படி உண்டு. நாளொன்றுக்கு 100 முதல் 200 ரிங்கிட்.

அடுத்தது அந்த 30. உங்கள் கணக்கில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த எண் இதுதான். தென்சீனக் கடலில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அலை ஓர் அளவுக்கு மேல் எழுந்தால் எந்திரத்தை இறக்க முடியாது. இறக்கியதைப் பத்திரமாக ஏற்றவும் முடியாது. அதனால் பெரிய வேலைகளையெல்லாம் மற்ற மாதங்களிலேயே முடிக்கப் பார்ப்பார்கள். எனக்குக் கிடைத்த நல்ல ஆண்டுகளில் 180 நாட்கள் கடலில் இருந்திருக்கிறேன். சாதாரண ஆண்டில் 120. நாள் கூலிக்காரருக்குக் கப்பலில் இல்லாத நாளுக்குப் பெரும்பாலும் காசு இல்லை.

இப்போது உங்கள் தாளின் மறுபக்கத்தில் இப்படிப் போட்டுப் பாருங்கள். புதியவராக 2,800 ரிங்கிட் சம்பளத்தில் சேருகிறீர்கள், ஆண்டில் 140 நாட்கள் கடலில் கிடைக்கின்றன, படி 150 என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 33,600, படி 21,000, மொத்தம் 54,600. இன்று நீங்கள் வாங்குவது ஆண்டுக்கு 48,000. வித்தியாசம் 6,600 ரிங்கிட். பயிற்சிக் கட்டணம் 32,000; அதோடு எட்டு வாரம் வேலையில்லாமல் இருப்பதால் போகும் 8,000. புதியவர் சம்பளத்திலேயே இருந்தால் இந்த 40,000-ஐத் திரும்ப எடுக்க ஆறு ஆண்டு ஆகும். அடகு வட்டியை இதில் சேர்க்கவில்லை.

நீங்கள் அங்கேயே நின்றுவிட மாட்டீர்கள் என்பது உண்மை. நான்கைந்து ஆண்டில் தேறி, 300 டாலருக்கு ஒப்பந்தத்தில் போனால், 120 நாளுக்கு 36,000 டாலர். டாலருக்கு 4 ரிங்கிட் 20 காசு என்று வைத்தால் 151,200 ரிங்கிட். மாதத்துக்குப் பிரித்தால் 12,600. நல்ல வருமானம், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பணத்தில் யாரும் உங்களுக்காக ஊழியர் சேமநிதி கட்டமாட்டார்கள். இன்று உங்கள் சம்பளத்தில் நீங்கள் 11 விழுக்காடு போட, முதலாளி 13 விழுக்காடு போடுகிறார். ஒப்பந்தக்காரர் ஆன அன்றே அந்த 13 நின்றுவிடும். மருத்துவச் சோதனை, பாதுகாப்புப் பயிற்சி, காப்பீடு எல்லாம் பெரும்பாலும் உங்கள் பையிலிருந்தே போகும். வருமான வரிக்குச் சம்பளக்காரருக்கான பிஇ பாரம் நிரப்புகிற நீங்கள், சொந்தத் தொழில் செய்வோருக்கான பி பாரத்துக்கு மாற வேண்டியிருக்கும். ஒவ்வொரு ரசீதையும் எடுத்து வைக்கப் பழக வேண்டும். என்னோடு இருந்தவர்களில் கைநிறையச் சம்பாதித்து, ஐம்பது வயதில் சேமநிதிக் கணக்கில் ஒன்றுமில்லாமல் நின்றவர்கள் உண்டு. அதை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

மோசமான ஆண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற பிரெண்ட் கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே இறங்கியது. கப்பல்கள் சபாவை ஒட்டிய லாபுவான் தீவில் வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. எனக்குப் பதினொரு மாதம் அழைப்பே வரவில்லை. அப்போதே எனக்குப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் இருந்தது, அது உதவவில்லை. கிள்ளானில் என் மைத்துனரின் குளிர்சாதனக் கடையில் சேர்ந்து வீடு வீடாகப் போய் ஏர்கண்டிஷனர் பழுது பார்த்தேன். மின்சுற்றுப் படம் படிக்கத் தெரிந்த இதே கைதான் அந்த ஆண்டு சோறு போட்டது. 2020-இல் பெருந்தொற்றின்போது எண்ணெய் விலை மறுபடி விழுந்தபோது முன்பு பட்டது நினைவில் இருந்ததால் ஓராண்டுச் செலவைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன். அதனால் தப்பினேன்.

சம்பளக் கதை இவ்வளவுதான். வேலை என்ன என்று நீங்கள் கேட்கவே இல்லை. விளம்பரத்தில் இருந்த படத்தில் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து ஜாய்ஸ்டிக் பிடித்திருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் படம் எங்கள் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் ஒரு பகுதியை மட்டும் காட்டுகிறது.

கனரக வேலைக்கான ஆர்ஓவி மூன்று முதல் ஐந்து டன் எடை இருக்கும். ஒரு வேன் அளவு. மேலே மஞ்சள் நிற மிதவைக் கட்டை, கீழே உலோகச் சட்டம், நூறு முதல் இருநூறு குதிரைத் திறன் கொண்ட ஹைட்ராலிக் பம்ப், முன்னால் இரண்டு எந்திரக் கைகள், கேமராக்கள், இருட்டில் ஒலியலையால் வழி காட்டும் சோனார். கப்பலின் மேல்தளத்தில் ஒரு கொள்கலனுக்குள் திரைகளைப் பார்த்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருப்போம். எங்களையும் எந்திரத்தையும் இணைப்பது அம்பிளிகல் என்ற தடித்த கேபிள். அதன் வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் கீழே போகிறது. தலைமுடியைப் போன்ற கண்ணாடி இழைகளில் படமும் கட்டளையும் மேலும் கீழும் போய்வருகின்றன. நீருக்குள் ஓட்டுவதை நாங்கள் பறப்பது என்றுதான் சொல்வோம். தரையில்லாமல், மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்கிற ஒன்றுக்கு அதுதான் பொருத்தமான சொல்.

மலேசியாவின் முதல் ஆழ்கடல் எண்ணெய் வயலான சபாவின் கிக்கேயில் 2007-இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே கடலின் ஆழம் ஏறக்குறைய 1,300 மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் ஏறும். அடியில் 130 மடங்கு. வேலைக்குப் போகும் முக்குளிப்பவர்கள் அழுத்தம் ஏற்றிய அறைக்குள்ளேயே வாழ்ந்து இறங்கினாலும் 300 மீட்டரைத் தாண்டுவது அரிது. அதற்குக் கீழே வால்வைத் திருப்பவும், குழாயை இணைக்கவும், கயிற்றை அறுக்கவும் எங்கள் எந்திரக் கைகள்தான். (சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ரோசப் 6000 என்ற ஆர்ஓவி 2010-இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. அந்தச் செய்தியை எங்கள் கப்பலில் சத்தமாகப் படித்துக் காட்டியவன் நான்.)

அந்த அழுத்தத்தில் கடல் நீர் ஓட்டை தேடிக்கொண்டே இருக்கும். பல பெட்டிகளில் எண்ணெயை நிரப்பி, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்படி வைப்போம். கசிந்தால் எண்ணெய் வெளியே போகும், நீர் உள்ளே வராது. மின்னணு அட்டைகள் இருக்கும் பெட்டிகளில் அப்படிச் செய்ய முடியாத இடங்களில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மட்டுமே காவல். என் இரண்டாவது ஆண்டில் நான் மூடிய ஒரு கேமரா 900 மீட்டரில் நீர் புகுந்து செத்தது. மேலே கொண்டுவந்து திறந்து பார்த்தோம். ஓ-ரிங்கின் மேல் துணியிலிருந்து உதிர்ந்த ஒற்றை நூலிழை. எங்கள் சூப்பர்வைசர் என்னைத் திட்டவில்லை. அந்த இழையை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, தேதி எழுதி, பட்டறைச் சுவரில் மாட்டினார். இன்றைக்கும் ஓ-ரிங்கைப் பொருத்தும் முன் விரலால் ஒருமுறை தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் தடவுகிறேன்.

என் முதல் பயணத்தில் மூன்று வாரம் ஜாய்ஸ்டிக்கைத் தொடவே இல்லை. எந்திரம் மேலே வந்ததும் நன்னீரால் கழுவுவது, எண்ணெய் மாற்றுவது, ஹைட்ராலிக் குழாய்களின் மூட்டுகளில் கசிவு பார்ப்பது, மெக்கர் வைத்துக் கேபிளின் காப்பு குறைந்திருக்கிறதா என்று அளப்பது. அம்பிளிகலின் நுனி தேய்ந்தால் அதை வெட்டி, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வோர் இழையையும் மறுபடி இணைத்து, வார்ப்புப் பசை ஊற்றி, எடை தாங்குகிறதா என்று இழுத்துச் சோதிக்க வேண்டும். அந்த ஒரு வேலையே ஒரு ஷிஃப்டை விழுங்கிவிடும். வாடகைக்கு எடுத்த கப்பல் சும்மா நிற்க, வாடிக்கையாளரின் பிரதிநிதி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க, மேல்தளத்தில் கை நடுங்காமல் இழை இணைக்கிறவரைத்தான் அடுத்த ஒப்பந்தத்துக்கும் அழைப்பார்கள்.

பறப்பதிலும் கையைவிடக் கேபிள் நினைவுதான் முக்கியம். ஜப்பானின் கைக்கோ என்ற ஆர்ஓவி 1995-இல் உலகின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியைத் தொட்டது. கிட்டத்தட்ட 10,900 மீட்டர். அதே எந்திரம் 2003-இல் கேபிள் அறுந்து கடலோடு போயிற்று. எனவே நல்ல பைலட்டின் மனத்தில் எப்போதும் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும்: எனக்குப் பின்னால் கேபிள் எந்த வழியாக வந்தது, நீரோட்டம் அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது, எண்ணெய் மேடையின் காலில் அது சுற்றியிருக்கிறதா, மேலே கப்பல் எங்கே நகர்கிறது. ஜாய்ஸ்டிக்கை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். இது பழகச் சில ஆண்டுகள் ஆகும்.

இதையெல்லாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது தம்பி. எங்கள் பதவியின் பெயரே பைலட் டெக்னீஷியன். ஆள் எடுக்கும்போது நிறுவனங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது சொல்லை. நான்கு ஆண்டுகளாக அட்டைகளில் பழுது கண்டுபிடிக்கிறீர்கள், நுண்ணோக்கியின் கீழ் ஈயப் பற்று வைக்கிறீர்கள், ஷிஃப்ட் முடிவில் அடுத்தவருக்குப் புரியும்படி அறிக்கை எழுதுகிறீர்கள். 32,000 கொடுத்து வாங்க நினைக்கும் தகுதியில் பாதி உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. டிப்ளோமா போதுமா என்ற கேள்விக்கு இதுவே பதில்: போதும். பட்டதாரிகளைவிட உங்களைப் போன்றவர்களே இங்கே நீடித்திருக்கிறார்கள்.

உங்களிடம் இல்லாதது ஹைட்ராலிக். பம்ப், வால்வு, சிலிண்டர், குழாய் மூட்டு, எண்ணெயின் தூய்மை. பினாங்கிலேயே தொழிற்பயிற்சிக் கழகங்களும் சமூகக் கல்லூரிகளும் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளை விசாரியுங்கள்; வார இறுதியில் போய்வரக்கூடியதாக ஒன்றைப் பிடியுங்கள். கண்ணாடி இழை இணைப்பையும் அப்படியே கற்கலாம். இரண்டுக்கும் சேர்த்துச் சில நூறு, மிஞ்சினால் ஆயிரத்துச் சொச்சம்.

அந்தப் பயிற்சி நிலையத்தை நான் நேரில் பார்க்கவில்லை. பழி சொல்லவும் மாட்டேன். நல்ல பயிற்சி நிலையங்களில் படித்து வந்த பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறேன். ஆனால் நீங்கள் நேரில் போய்ச் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். எட்டு வாரத்தில் கணினித் திரையில் ஓட்டும் நேரம் எவ்வளவு, உண்மையான ஹைட்ராலிக் எந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் நேரம் எவ்வளவு? கடைசியாக முடித்துப் போன வகுப்பில் எத்தனை பேர் இன்று கடலில் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரோடு நான் பேசலாமா? வேலை உத்தரவாதம் என்று சொன்னால் அதை எழுத்தில் தருவார்களா? மூன்றாவது கேள்விக்குச் சிரித்துப் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். விமானிக்கு இருப்பதைப் போல அரசு உரிமம் எதுவும் இந்த வேலைக்கு இல்லை. ஐஎம்சிஏ என்ற பெயர் விளம்பரத்தில் பெரிதாக இருந்தது என்கிறீர்கள். அது கடல்சார் ஒப்பந்தக்காரர்களின் பன்னாட்டுச் சங்கம். திறன் அளவுகோல்களையும் பாதுகாப்பு வழிகாட்டிகளையும் வெளியிடுகிறது. அந்த அளவுகோல்படி உங்கள் பதிவேட்டில் நாட்களும் பறந்த மணிகளும் ஏறுவது கப்பலில்தான். கையெழுத்துப் போடுவது உங்களை வேலைக்கு வைத்த நிறுவனம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கெமாமானிலும் லாபுவானிலும் உள்ள கடல்சார் தளங்களில் எந்த நிறுவனங்களுக்குப் பழுதுபார்க்கும் பட்டறை இருக்கிறது என்று தேடுவேன். அவற்றின் தலைமை அலுவலகங்கள் பல கோலாலம்பூரில்தான் இருக்கின்றன. ஆர்ஓவி பைலட் வேலை கேட்டு எழுதுவதைவிட, பட்டறை டெக்னீஷியன் வேலை கேட்டு எழுதுங்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் குறையக்கூடும். ஆனால் கடலுக்குப் போகும் குழுவில் ஒருவர் காய்ச்சலில் படுக்கும் நாளில், எந்திரத்தின் ஒவ்வொரு திருகையும் அறிந்த ஆள் கரையில் நிற்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் அப்படித்தான் ஏறினேன். பயிற்சிக் கட்டணம் ஒரு சென் கட்டவில்லை. வேலைக் கடிதம் கைக்கு வரும்வரை பாயான் லெப்பாஸ் வேலையை விடாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள்: நிறக்குருடு இருக்கிறதா என்று கண் சோதனை. கம்பிகளின் நிறத்தைப் பிரிக்க முடியாதவரைக் கடல் மருத்துவச் சோதனையிலேயே நிறுத்திவிடக்கூடும். முழுப் பணத்தையும் கட்டிய பிறகு அதைத் தெரிந்துகொண்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். இன்னொன்று, நீங்கள் தீபகற்பத்துக்காரர். சபாவிலோ சரவாக்கிலோ வேலை செய்ய அங்குள்ள குடிநுழைவுத் துறையின் வேலை அனுமதி வேண்டும். வழக்கமாக நிறுவனமே எடுத்துக் கொடுக்கும். வேலைக் கடிதத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் இன்னும் எத்தனை நாள் என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். எண்ணெய் மட்டுமே எங்களுக்குச் சோறு போடவில்லை. மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வங்காள விரிகுடாவின் அடியாக வரும் இணையக் கேபிள் ஒன்று பினாங்கில்தான் கரை ஏறுகிறது. அப்படிப்பட்ட கேபிள்களை மண்ணுக்குள் புதைக்கவும், அறுந்தால் தேடி எடுக்கவும் கேபிள் கப்பல்களில் ஆர்ஓவி இருக்கிறது. தைவான் கடலில் நிற்கும் காற்றாலைகளுக்கும் ஆட்கள் போகிறார்கள். அணைக்கட்டுகளின் சுவரையும் கப்பல்களின் அடிவயிற்றையும் பார்க்கச் சிறிய எந்திரங்கள் வந்துவிட்டன. அதில் கூலி குறைவு, ஆனால் இரவு வீட்டில் தூங்கலாம். கம்பியில்லாமல் தானாக ஓடும் ஏயூவி எந்திரங்கள் தேடும் வேலையை எடுத்துக்கொண்டு வருகின்றன. எம்எச்370 விமானத்தை 2014-இல் தேடிய புளூஃபின்-21 அந்த வகைதான். ஆனால் 2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ஐ நினைத்துப் பாருங்கள். 2011-இல் சிதைவுகளைக் கண்டுபிடித்தது ஏயூவி. ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு மேலே வந்தது ஆர்ஓவி. நார்வேயில் இப்போது கரையில் உட்கார்ந்தே ஆர்ஓவியை ஓட்டுகிறார்கள். பைலட்டின் நாற்காலி கரைக்கு வந்துவிடலாம்; ஓ-ரிங் மாற்றுகிறவர் கப்பலில்தான் இருந்தாக வேண்டும்.

திருமணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. வரப்போகும் பெண்ணிடம் 63,000 என்ற எண்ணைக் காட்டியிருந்தால், அதோடு ஒரு நாட்காட்டியையும் காட்டுங்கள். நான்கு வாரம், ஐந்து வாரம், சில சமயம் எட்டு வாரம் வீட்டில் இருக்க மாட்டீர்கள். என் 22 ஆண்டுகளில் தீபாவளிக்கு வீட்டில் இருந்தது ஒன்பது முறை. தைப்பூசம் மட்டும் பெரும்பாலும் தப்பியதில்லை. அது பருவக்காற்றுக் காலத்தில் வருவதால் அநேகமாகக் கரையில்தான் இருப்பேன். ஒவ்வோர் ஆண்டும் குடும்பத்தோடு பினாங்குக்கு வந்து, வெள்ளி ரதத்தின் பின்னால் தண்ணீர்மலை வரை நடக்கிறோம். என் மனைவி எங்கள் திருமணப் பேச்சின்போதே இதையெல்லாம் கேட்டு, யோசித்து, சம்மதித்தவர். கேட்காமல் சம்மதித்த பெண்களின் வீடுகளில் நடந்ததையும் பார்த்திருக்கிறேன். அம்மாவையும் எண்ணிக்கொள்ளுங்கள், நீங்கள் கடலில் இருக்கும்போது அவரை மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவார் என்ற கேள்விக்கு இப்போதே ஒரு பெயர் வேண்டும்.

கடைசியாக நீச்சல். எங்கள் வேலையில் பைலட் தண்ணீரில் இறங்குவதே இல்லை. எந்திரம் நனையும், நாங்கள் கொள்கலனுக்குள் ஏர்கண்டிஷனர் குளிரில் சட்டை மேல் சட்டை போட்டுக்கொண்டிருப்போம். ஆனால் கடலுக்குப் போகும் எவரும் வெப்பமண்டலக் கடலுக்கான பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். டி-போசியட் என்பார்கள், நான்கு ஆண்டுக்குச் செல்லும். அதில் ஹெலிகாப்டர் கூண்டு ஒன்றில் உங்களைப் பெல்ட் போட்டு உட்காரவைத்து, நீச்சல் குளத்தில் இறக்கி, தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். பெல்ட்டை அவிழ்த்து, ஜன்னலைத் தள்ளி, வெளியே வர வேண்டும். பக்கத்திலேயே முக்குளிப்பவர்கள் நிற்பார்கள். நீச்சல் தெரியாதவர்களும் தேறுகிறார்கள். நானும் தெரியாமல்தான் போனேன். மூக்கில் தண்ணீர் ஏறியதும் கை பதறி, பெல்ட்டுக்குப் பதில் இருக்கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டாம் முறைதான் வெளியே வந்தேன். பட்டர்வொர்த்தில் பக்கத்தில் இருக்கும் பொதுக் குளத்துக்கு ஞாயிறுதோறும் போய், தண்ணீருக்குள் கண் திறந்து, மூச்சை அடக்கி, இருபது வரை எண்ணப் பழகுங்கள். நுழைவுக் கட்டணம் சில ரிங்கிட்தான்.